மேப்பிள் இலை மாலை

வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் வள்ளி கதவைப் பார்த்து, "போயிட்டு வர்றனுங்க" என்று மெல்லச் சொல்லுவாள். உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். கணவன் சேனாபதி விடிந்ததுமே பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறியிருப்பான். மகள் ரோஷினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். இருந்தாலும் சொல்லுவாள். எதிர்வீட்டு ராஜலக்ஷ்மி இதைப் பல வருடங்களாகக் கவனித்து வந்தாள். ஆரம்பத்தில் தன்னிடம்தான் சொல்லுகிறாள் என்று நினைத்து, உள்ளேயிருந்தபடியே "சரிடி, பாத்துப் போயிட்டு வா" என்று பதில் கொடுத்துக்கொண்டிருந்தாள். தனக்கல்ல என்று தெரிந்த பிறகு பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். யாருக்கு என்று மட்டும் கேட்கவில்லை.

"போறேன்" என்று சொல்லி வீட்டைவிட்டு இறங்கக்கூடாது என்பது தமிழ் பேசுகிற எல்லா வீட்டிலும் உள்ளதுதான். போகிறவர்கள் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். திரும்பி வராதவர்களைத்தான் போய்விட்டார்கள் என்பது. வள்ளிக்கு நேர்ந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லால் வந்தது.

அவள் கோபிசெட்டிபாளையத்துப் பக்கத்துப் பெண். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. 1992இல் சேனாபதியோடு நியூஜெர்சிக்கு வந்து பிளெய்ன்ஸ்பரோவில் இறங்கியபோது, அங்கிருந்த அப்பார்ட்மெண்ட் கட்டடங்கள் எல்லாம் ஒரே பழுப்பில், ஒரே உயரத்தில், ஒரே மாதிரிப் படிக்கட்டோடு நின்றன. தனியாகப் போன முதல் நாளே வழி தவறி, வேறு யாருடைய கதவிலோ சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்றாள். அதன் பிறகு கணவன் இல்லாமல் வெளியே போவதில்லை. அக்டோபர் வந்ததும், அவர்கள் கட்டடத்துக்கு முன்னால் இருந்த மேப்பிள் மரம் மட்டும் மற்ற மரங்களுக்கு முந்திக்கொண்டு சிவந்தது. எங்கே போனாலும் அந்தச் சிவப்பைப் பார்த்து வந்துவிடலாம் என்று தைரியம் வந்தது. ஊர் பழகியது அந்த ஒரு மரத்தை வைத்துத்தான்.

இரண்டு முறை கரு தங்கவில்லை. முதல் முறை தொண்ணூற்று மூன்றில், அடுத்தது தொண்ணூற்று நான்கில். இரண்டும் மூன்றாம் மாதம். முதல் தடவை ஊருக்குப் போன் போட்டு அழுதாள். இரண்டாம் தடவை யாரிடமும் சொல்லவில்லை. மத்தியான நேரங்களில் கால்வாய் ஓரமாக நடந்து, நல்ல இலைகளாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். பூச்சி கடிக்காத இலை, காம்பு முறியாத இலை, நடுவில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்புமாக இருக்கிற இலை. வாசலில் போட்டுவிட்டுப் போகிற தடித்த டெலிபோன் புத்தகத்துக்குள் அவற்றை வைத்து அழுத்தினாள். டிவியில் ஒருத்தி மெழுகுத்தாளுக்கு நடுவே இலையை வைத்து இஸ்திரி போடுவதைப் பார்த்து அதையும் செய்தாள். மறுநாள் சேனாபதியின் ஆபீஸ் சட்டையில், முதுகின் நடுவே, மேப்பிள் இலை வடிவத்தில் மெழுகுக் கறை இருந்தது.

"ஆபீஸ்ல என்ன கேக்கறாங்க தெரியுமா புள்ள? எல உதிர்ற சீசனுக்குன்னு வந்த ஃபால் கலெக்‌ஷனான்னு கேக்கறாங்க" என்றான்.

"கழட்டிக் குடுங்க, தொவச்சுப் போடறேன்."

"இருக்கட்டும் விடு. ஊரோட ஒத்துப் போறேன்."

ராஜலக்ஷ்மி மாம்பலத்துக்காரி. கார் ஓட்டுவாள், எங்கே எந்தச் சனிக்கிழமை யார் வீட்டு கராஜைத் திறந்து பழைய சாமான் விற்கிறார்கள் என்று விரல் நுனியில் வைத்திருப்பாள். அவளோடு போய் வள்ளி ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். விரிசல் விட்ட பெரிய பீங்கான் சூப் பாத்திரம். மரக் கிண்ணம். திரி வைத்தால் குத்துவிளக்கு போலவே இருந்த பித்தளை மெழுகுவர்த்தித் தண்டு. செப்டம்பர் கடைசியில் அந்தக் கிண்ணத்தில் கை அளவுப் பூசணிகள், முறுக்கிக்கொண்ட கழுத்துள்ள சுரைகள், கறுப்பும் சிவப்புமாக முத்துள்ள சோளக் கதிர்கள் எல்லாம் ஏறும். பால்கனிக் கண்ணாடி வழியாக மாலை வெயில் அதன் மேல் விழும்போது சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"இத்தன பூசணி வச்சிருக்க, ஒரு கூட்டு வைக்கக் கூடாதா?" என்பான் சேனாபதி.

"அது பொம்மைப் பூசணிங்க. திங்க முடியாது."

"ஊரு பூரா வாசல்ல மூஞ்சி செதுக்கி வச்சிருக்காங்க. நல்லா திருஷ்டி கழிக்கறானுங்க."

1995 அக்டோபரில் வள்ளி மூன்றாம் முறையாக உண்டாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்தச் சனிக்கிழமை ராஜலக்ஷ்மி கூட்டிப்போன வீடு, சோள வயலைத் தாண்டி, மரங்கள் மூடிய ஒரு தெருவில் இருந்தது. வயதான வெள்ளைக்காரர் ஒருவர் மடக்கு நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மேஜைக்கு அடியில் அந்தச் சட்டத்தை வள்ளி பார்த்தாள். முட்டை வடிவம், கறுத்த மரம், லேசாகப் புடைத்த கண்ணாடி. உள்ளே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். இலை உதிரும் மரம் ஒன்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, நீளக் கோட்டு போட்ட ஒரு பெண் நின்றாள். தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தாள். இடது புருவம் நடுவில் ஒரு தழும்பால் இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. பின்னால் திருப்பிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது. ஹெலன், அக்டோபர் 1961.

படத்தை எடுத்துக்கொண்டு சட்டத்தை மட்டும் கொடுக்கும்படி சைகையில் கேட்டாள். பெரியவர் படத்தை ஒரு கணம் பார்த்தார். கையைக் காற்றில் வீசினார்.

"ஷி இஸ் கான்" என்றார். "லாங் கான்."

காரில் ஏறியதும் கேட்டாள். "அக்கா, கான்னா என்னங்க?"

"போயிட்டாங்கன்னு அர்த்தம். யாரு போயிட்டா?"

"அந்தப் பெரியவரு சம்சாரம்."

"ஐயோ பாவம். சட்டத்தை வச்சுக்கோ, போட்டோவைத் தூக்கிப் போட்டுடு. ஊரான் வீட்டு எழவு நமக்கு எதுக்கு?"

சாயங்காலம் சேனாபதியையும் கேட்டாள். அவனும் சட்டை பட்டனைக் கழற்றிக்கொண்டே, "கான்னா போயிட்டாங்க. அவ்வளவுதான்" என்றான். இருவர் சொன்ன அர்த்தத்திலும் பிழை இல்லை.

முகம் உள்ள ஒன்றை எப்படிக் குப்பையில் போடுவது என்று வள்ளிக்குத் தெரியவில்லை. படத்தோடேயே சட்டத்தைப் பால்கனிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினாள். சுவர் வெறுமையாக இருப்பதாகப் பட்டது. டெலிபோன் புத்தகத்தில் இருந்த மேப்பிள் இலைகளை எடுத்து, காம்புகளை ஊசிநூலில் கோத்து, மாலையாகச் சட்டத்தின் மேல் தொங்கவிட்டாள். அழகுக்காகத்தான் செய்தாள். ஆனால் மாலை விழுந்த பிறகு அது வெறும் படமாக இல்லை. ஒரு வாரம் கழித்துக் கண்ணாடியில், நெற்றிக்கு நேராக, குங்குமம் வைத்தாள்.

அவள் பிறந்த வீட்டில், மஞ்சள் குங்குமத்தோடு போன பெண்ணுக்கு வருடம் ஒருமுறை புதுப் புடவை வைத்துக் கும்பிடுவார்கள். கும்பிட்ட புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்வாள். புருஷன் உயிரோடு உட்கார்ந்திருக்க இவள் போயிருக்கிறாள். கணக்கு சரியாக இருந்தது. மூன்றாம் மாதம் நெருங்கியபோது, ஒரு மத்தியானம், வள்ளி படத்தின் முன்னால் நின்றாள்.

"இந்த ஒண்ணு தங்கட்டும். தங்குச்சுன்னா வருசா வருசம் இதே மாசத்துல உங்களுக்கு ஒரு பொடவை வெக்கறேன். இந்த வீட்டுலயே இருந்துக்குங்க."

அன்றிலிருந்து அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது. இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள்தான் கேட்கும். காய்ந்த சருகின் மேல் யாரோ மெதுவாக நடக்கிற சத்தம், கூடத்திலிருந்து படுக்கையறை வரைக்கும் வரும், நிற்கும், திரும்பிப் போகும். வீடு முழுக்கக் கம்பளம் விரித்திருந்தது. கம்பளத்தில் எப்படி நடந்தாலும் அந்தச் சத்தம் வராது. ஒருநாள் படுக்கையறை வாசலில் ஒரு காய்ந்த இலை கிடந்தது. பால்கனிக் கதவு சாத்தித் தாழ் போட்டிருந்தது. மாலையில் இலைகளை எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. அதே நேரம், வயிற்றில் இருப்பதற்கு யாரோ காவல் இருப்பது போலவும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வெளியே போகும்போது சொல்லிக்கொண்டு போகத் தொடங்கினாள்.

மூன்றாம் மாதம் கடந்தது. மே மாதம் ரோஷினி பிறந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அக்டோபரிலும் எடிசனில் உள்ள இந்தியக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு புடவை எடுப்பாள். அரக்கு, கடுகு, துரு நிறம் என்று மரங்களின் நிறத்திலேயே பார்த்து எடுப்பாள். படத்துக்குக் கீழே ஒருநாள் வைத்திருந்து பிறகு கட்டிக்கொள்வாள். பழைய இலை மாலையைக் கால்வாயில் விட்டுவிட்டுப் புதியது கோப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நவராத்திரிக்கு வந்த ஒரு பெண், "உங்க மாமியாரா? நல்ல கலரா இருந்திருக்காங்க" என்றாள். சேனாபதி சமையலறைக்குள் ஓடிப் போய்ச் சிரித்தான். அவனுக்கு அது வள்ளியின் பொழுதுபோக்குகளில் ஒன்று.

ரோஷினிக்கு மூன்றரை வயதானபோது ஒரு மத்தியானம், பொம்மைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள். "அம்மா, ஷி டஸன்ட் லைக் தட் ஆன் ஹர் நெக்."

"என்ன கண்ணு?"

"தி லேடி." குழந்தை தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "ஹியர்."

வள்ளி மாலையைப் பார்த்தாள். படத்தைத் துடைத்தாளே தவிர மாலையை எடுக்கவில்லை. எடுத்தால் வேண்டுதல் என்னாவது என்ற பயம் இருந்தது.

2000 அக்டோபரில் ஒரு புதன்கிழமை, சர்ச்சின் நிலவறையில் நடக்கும் பழைய சாமான் கடைக்கு ராஜலக்ஷ்மியோடு போனாள். ரோஷினி பள்ளிக்குப் போயிருந்தாள். வாசலில் வைக்கோல் கட்டின் மேல் பூசணிகளை அடுக்கி அழகு பண்ணியிருந்தார்கள். உள்ளே, பணம் வாங்கும் மேஜையில் புதிதாக ஒரு அம்மாள் நின்றார். எழுபது வயது இருக்கும். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, பீங்கான் கோப்பை ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டிருந்தது. சட்டையில் குத்தியிருந்த சீட்டை வள்ளி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"என்னடி, பேயைப் பாத்த மாதிரி நிக்கறே?" என்றாள் ராஜலக்ஷ்மி.

"ஆமாங்க்கா."

இடம் சூடாக இருந்தது. எல்லோரும் மேல்கோட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஹெலன் மட்டும் கழுத்தைச் சுற்றித் தடிமனான கம்பளித் துண்டு ஒன்றைக் கட்டியிருந்தார். பேசும்போது நடுநடுவே இருமினார். வள்ளி கட்டியிருந்த கடுகு நிறப் புடவையின் முந்தானையை மேஜைக்கு மேலாக எட்டித் தொட்டு, இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"நல்ல கலராம். மரம் மாதிரி இருக்காம்" என்றாள் ராஜலக்ஷ்மி.

அது போன வருடம் அவருக்காக வைத்த புடவை.

வள்ளி ராஜலக்ஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்கச் சொன்னாள். சோள வயலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவா? ஆமாம். அந்தப் பெரியவர்? அவர் இரண்டு வருடம் முன்னால் இறந்துவிட்டார். அவரை விட்டுவிட்டு முப்பது வருடத்துக்கு முன்னால் ஹெலன் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டாராம். இப்போது தங்கையோடு இருப்பதற்காகத் திரும்பி வந்திருக்கிறாராம். பெரியவர் சொன்ன வார்த்தையை ராஜலக்ஷ்மி சொன்னதும் அந்த அம்மாள் சிரித்தார்; சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"என்னங்க்கா சொல்றாங்க?"

"அவர் சொன்னது சரிதானாம். போனது நெஜந்தானாம்." ராஜலக்ஷ்மி வள்ளியைத் திரும்பிப் பார்த்தாள். "போயிட்டு வந்துட்டாளாம்டி."

"இருமல் எத்தன நாளா இருக்குதுன்னு கேளுங்க."

அஞ்சு வருடமாகவாம். கலிபோர்னியாவில் இருந்தபோதே. அக்டோபர் பிறந்தால் தொண்டையை யாரோ கட்டியது போல இருக்கிறது, டாக்டர்கள் ஒன்றும் இல்லை என்கிறார்கள் என்றார் ஹெலன்.

வள்ளி அன்று எதையும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து, ரோஷினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பால் குடித்ததும், முக்காலியைப் போட்டு ஏறினாள். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்டிருக்கிறாள். அஞ்சு வருடம், வருடம் தவறாமல். கையை மாலையில் வைத்தாள். படுக்கையறையில் ரோஷினி இருமினாள். வள்ளி கையை எடுத்தாள். இருமல் நின்றது. மறுபடி மாலையைத் தொட்டாள். மறுபடி இருமல் கேட்டது. முக்காலியிலிருந்து இறங்கி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாலை இருந்தால் அந்த அம்மாள் கழுத்து. எடுத்தால் இந்தப் பிள்ளை. மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சேனாபதியிடம் சொன்னாள்.

"காத்து மாறுது, எல்லாரும் இருமறாங்க. நானும்தான் இருமறேன். எனக்கும் மாலை போட்டியா என்ன?" என்றான் அவன். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, என்ன பண்ணணும்னு தோணுதோ பண்ணு புள்ள" என்றான்.

யாருக்கு நேர்ந்துகொண்டாளோ அவர்தான் விடுவிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. சனிக்கிழமை, படத்தை மாலையோடேயே கழற்றித் துவாலையில் சுற்றினாள். அந்த வருடத்துக்கென்று எடுத்து வைத்திருந்த அரக்குப் புடவை, குங்குமம், இரண்டு ஆப்பிள் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, ரோஷினியையும் கூட்டிக்கொண்டு ராஜலக்ஷ்மியின் காரில் ஏறினாள்.

"புடவையைக் குடு, போட்டோவைக் குடு. மாலை விஷயத்தை மட்டும் சொல்லாதே. பாவம், வயசானவ, பயந்துடுவா" என்றாள் ராஜலக்ஷ்மி.

"சொல்லாம எப்படிங்க்கா?"

"நான் மொழிபெயர்க்க மாட்டேன், சொல்லிட்டேன்."

ஹெலனின் தங்கை வீட்டுக் கூடத்தில் அவர்களை உட்கார வைத்தார்கள். வள்ளி துவாலையைப் பிரித்தாள். சிவந்து சுருண்ட இலைகளுக்கு நடுவே, நெற்றியில் குங்குமத்தோடு, அந்த இளம்பெண் தலை சாய்த்து நின்றாள். ராஜலக்ஷ்மி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடத்தில் கற்ற இங்கிலீஷ் எல்லாவற்றையும் வள்ளி ஒரே மூச்சில் பேசினாள்.

"ஐ திங்க் யூ டை. அவர் பீப்பிள், டை பீப்பிள் போட்டோ, வி புட் திஸ். எவ்ரி இயர் ஐ புட். ஐ ஆஸ்க் பேபி. வெரி சாரி."

ஹெலன் மடியில் சட்டத்தை வைத்து, மாலையைத் தானே தூக்கி எடுத்து, சருகு உதிராமல் மேஜை மேல் வைத்தார். ஒரு விரலால் கண்ணாடியிலிருந்த குங்குமத்தைத் தொட்டார். வள்ளி ரோஷினியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். குழந்தை இருமவில்லை.

"டிட் இட் வொர்க்?" என்று கேட்டார் ஹெலன்.

வள்ளி குழந்தையின் தலையில் கையை வைத்துக் காட்டினாள்.

அந்த அம்மாள் ரோஷினியைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு புன்னகை மெதுவாகப் போய்விட்டது. வள்ளிக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ஹனி, தட் வாஸ் நாட் மீ."

ரோஷினி அவரை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மாவின் முந்தானையை இழுத்தாள். "அம்மா, திஸ் இஸ் நாட் தி லேடி. தி லேடி இஸ் அட் ஹோம்."

ராஜலக்ஷ்மி ஜன்னலிலிருந்து திரும்பினாள். யாரும் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வள்ளி எழுந்து ஹெலனின் நெற்றியில் குங்குமம் வைத்து, உயிரோடு இருக்கிற பெண்ணுக்குக் கொடுப்பதுபோல, தட்டை இரண்டு கையாலும் நீட்டிப் புடவையைக் கொடுத்தாள். ஹெலனும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டார்.

இப்போது ரோஷினிக்கு ஐந்து வயது நடக்கிறது. நன்றாக இருக்கிறாள். ஹெலனுக்கு இருமல் நின்றுவிட்டது. பழைய துணித் தூசியில் நிற்பதை விட்டதால் சரியானது என்கிறாள் ராஜலக்ஷ்மி. அரக்குப் புடவை ஹெலனின் அறை ஜன்னலில் திரைச்சீலையாகத் தொங்குகிறது. படமும் மாலையும் ஹெலனிடம் போய்விட்ட பிறகும் வீட்டில் மத்தியானச் சத்தம் நிற்கவில்லை. சேனாபதிக்கு கிரீன் கார்ட் வந்துவிட்டது. வேறு ஊரில் சொந்த வீடு பார்க்கலாம் என்கிறான். வள்ளி வர முடியாது என்று சொல்லிவிட்டாள். யாரை இருக்கச் சொன்னோம் என்று தெரியாத வரைக்கும் அந்த வீட்டைக் காலி செய்ய அவளுக்குத் துணிவில்லை. அவர்கள் பிளெய்ன்ஸ்பரோவில், அதே அப்பார்ட்மெண்டில்தான் இருக்கிறார்கள்.